ஐன்ஸ்டீன் வழக்குக்கு வழி கண்ட ஏழைப் பையன்

இரண்டு பெரிய விஞ்ஞானிகளுக்குள் ஒரு வழக்கு நடந்தது.

ஒருவர் ஐன்ஸ்டீன். மற்றவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த நீல்ஸ் போர். இருவரும் நோபல் பரிசு பெற்றவர்கள். இருவரும் நண்பர்கள். ஆனாலும் ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் ஒத்துப்போகவே இல்லை.

1927-ம் ஆண்டில் தொடங்கிய வாதம், ஏறக்குறைய 30 ஆண்டுகள் நடந்தது. ஐன்ஸ்டீன் 1955-ல் இறந்தார். நீல்ஸ் போர் 1962-ல் இறந்தார். வழக்கு தீரவில்லை.

இது தீரவே தீராது என்று மற்ற விஞ்ஞானிகள் நினைத்தார்கள். இதற்குச் சாட்சி கிடையாது, சோதனை கிடையாது, வெறும் பேச்சுதான் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

நீல்ஸ் போர் இறந்து இரண்டே ஆண்டுகளில், இதைச் சோதனை செய்தே தீர்க்கலாம் என்று ஒருவர் காட்டினார். அவர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரிக்குப் போகப் பணம் இல்லாமல், கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எடுபிடி வேலை பார்த்தவர்.

அவர் பெயர் ஜான் பெல். அவருடைய கதை இது.

பிறப்பு

அயர்லாந்துத் தீவின் வட பகுதியில் பெல்பாஸ்ட் என்ற நகரம் இருக்கிறது. கப்பல் கட்டும் தொழிலுக்குப் பெயர்போன ஊர். கடலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலைக் கட்டியது இந்த ஊரில்தான்.

அங்கு 1928-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி ஜான் ஸ்டூவர்ட் பெல் பிறந்தார். தகப்பனார் பெயரும் ஜான்தான். தாயார் பெயர் ஆனி. குதிரை வாங்கி விற்கும் குடும்பம். வசதி இல்லை.

நான்கு பிள்ளைகள். மூத்தவள் ரூபி. அடுத்தவர் ஜான் பெல். அவருக்குப் பின் இரண்டு தம்பிகள்.

தகப்பனார் பெயரும் மகன் பெயரும் ஒன்றாக இருந்ததால், வீட்டில் மகனை ஸ்டூவர்ட் என்று கூப்பிட்டார்கள். பையன் எப்போது பார்த்தாலும் புத்தகமும் கையுமாக இருப்பான். அதனால் புரொபசர் என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர் பிற்காலத்தில் உண்மை ஆயிற்று.

தாயார் ஆனி படிப்பின் அருமை தெரிந்தவர். ஏழைகள் நல்ல உடை உடுத்துவது ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும்போது மட்டும்தான். நன்றாகப் படித்தால் வாரம் ஏழு நாளும் அந்த நல்ல உடையை உடுத்தலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவார்.

11 வயதில் ஜான் பெல் ஒரு முடிவுக்கு வந்தார். தான் ஒரு விஞ்ஞானி ஆகப்போவதாக வீட்டாரிடம் சொன்னார்.

பள்ளிக்கூடம்

அந்தக் காலத்தில் அங்கு உயர்நிலைப் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். பெரிய பள்ளிக்கூடங்களில் சம்பளம் அதிகம். பெல் குடும்பத்துக்குக் கட்டுப்படி ஆகாது.

நான்கு பிள்ளைகளையும் படிக்கவைக்க முடியவில்லை. மற்ற மூவரும் 14 வயதை ஒட்டிப் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார்கள். ஜான் பெல் ஒருவரை மட்டும் மேலே படிக்கவைப்பது என்று முடிவாயிற்று.

சம்பளம் குறைந்த பள்ளிக்கூடம் எது என்று தேடினார்கள். பெல்பாஸ்ட் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கு கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுத்தார்கள். செங்கல் அடுக்குவது, தச்சு வேலை போன்றவற்றையும் சொல்லிக்கொடுத்தார்கள்.

1944-ல் படிப்பை முடித்தார். வயது 16. பல்கலைக்கழகத்தில் சேர 17 வயது ஆகவேண்டும். கையில் பணமும் இல்லை. எனவே வேலை தேடினார். சில இடங்களில் கேட்டுப் பார்த்தார். வேலை கிடைக்கவில்லை.

ஆய்வுக்கூட வேலை

கடைசியில், பெல்பாஸ்டில் உள்ள குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் கிடைத்தது. மாணவராக அல்ல. பவுதிக ஆய்வுக்கூடத்தில் உதவியாளாக!

மாணவர்கள் சோதனை செய்வதற்கான கருவிகளை எடுத்து வைக்க வேண்டும். கம்பிகளை இணைத்துக் கொடுக்க வேண்டும். இதுதான் வேலை.

அங்கு இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள். ஒருவர் பெயர் எமிலியஸ். மற்றவர் பெயர் ஸ்லோன். இந்தப் பையன் சாதாரண வேலையாள் அல்ல என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. படிக்கப் புத்தகங்கள் கொடுத்தார்கள். முதல் ஆண்டு மாணவர்களுக்கு நடக்கும் பாடங்களை வகுப்பில் உட்கார்ந்து கேட்கவும் அனுமதி கொடுத்தார்கள்.

ஓராண்டு இப்படிப் போயிற்று. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. உதவித்தொகையும் கிடைத்தது. 1945-ல் அதே பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். நேற்றுவரை கருவிகளை எடுத்துக் கொடுத்தவர், இப்போது அவற்றைக் கொண்டு சோதனை செய்யும் மாணவர் ஆனார்.

1948-ல் ஒரு பட்டம் பெற்றார். 1949-ல் கணிதப் பவுதிகத்தில் இன்னொரு பட்டமும் பெற்றார். இரண்டிலும் முதல் வகுப்பு.

வகுப்பில் சண்டை

படிக்கும்போதே பெல்லுக்கும் பேராசிரியர் ஸ்லோனுக்கும் சூடான வாக்குவாதம் நடந்தது. காரணம், குவாண்டம் தத்துவம்.

குவாண்டம் தத்துவம் என்றால் என்ன?

மண், கல், மரம், மனிதன் எல்லாம் அணுக்களால் ஆனவை. அணுவுக்குள் எலெக்ட்ரான் போன்ற மிகச் சிறிய துகள்கள் இருக்கின்றன. ஒளியும் துகள் துகளாகவே வருகிறது. இந்தத் துகள்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் குவாண்டம் தத்துவம்.

அந்தக் கணக்கு ஒருபோதும் பொய்த்ததில்லை. டிரான்சிஸ்டர், லேசர், கம்ப்யூட்டர் எல்லாம் அந்தக் கணக்கைக் கொண்டு செய்தவைதான்.

ஆனால் அதில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு துகள் என்ன செய்யும் என்று அது உறுதியாகச் சொல்லாது. இத்தனைக்கு இத்தனை வாய்ப்பு என்று மட்டும் சொல்லும். பூவா தலையா போடுவதுபோல!

அளந்து பார்ப்பதற்கு முன்பு துகளின் உண்மையான நிலை என்ன? இப்படிக் கேட்டால், அப்படிக் கேட்பதே தவறு என்று நீல்ஸ் போரின் கட்சியினர் சொன்னார்கள்.

இது ஐன்ஸ்டீனுக்குப் பிடிக்கவில்லை. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சந்திரன் வானத்தில் இருக்கத்தானே செய்கிறது? அதுபோல துகளுக்கும் ஒரு நிலை இருக்கத்தான் வேண்டும், அது நமக்கு மறைந்து இருக்கிறது, அவ்வளவுதான் என்பது அவர் வாதம்.

மாணவர் பெல்லுக்கும் இதே எண்ணம்தான். புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஏற்க அவர் மனம் ஒப்பவில்லை.

இரட்டைத் துகள்கள்

1935-ல் ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதுதான் வழக்கின் மையம்.

இரட்டைப் பிள்ளைகள்போல ஒன்றாகப் பிறக்கும் துகள்கள் உண்டு. பிறந்ததும் ஒன்று கிழக்கே ஓடும். மற்றது மேற்கே ஓடும். வெகு தூரம் போனபின், கிழக்கே போன துகளை அளந்து பார்க்கிறோம். உடனே மேற்கே போனது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். அதைத் தொடவே வேண்டாம்!

இது எப்படி? புறப்படும்போதே இரண்டும் விடையைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். இது ஐன்ஸ்டீன் கட்சி. இங்கே ஒன்றைத் தொட்டால் எங்கோ இருக்கும் மற்றொன்று அந்தக் கணமே மாறும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. அது பேய்க்கதை மாதிரி இருக்கிறது என்று எண்ணினார்.

ஆனால் விடை எதுவும் ஒளிந்திருக்க முடியாது என்று ஜான் வான் நாய்மன் என்ற கணித மேதை 1932-லேயே புத்தகம் எழுதிவிட்டார். கணக்கிலே மன்னர் அவர். அவரே சொன்னபிறகு மறுபேச்சு ஏது? எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

பெல் அந்தச் செய்தியை மாணவப் பருவத்தில் வேறொரு புத்தகத்தில் படித்தார். மூலப் புத்தகம் ஜெர்மன் மொழியில் இருந்தது. பெல்லுக்கு அப்போது ஜெர்மன் மொழி தெரியாது. சரி, பிறகு பார்ப்போம் என்று கேள்வியை மனதில் போட்டு வைத்தார்.

உத்தியோகம்

படிப்பு முடிந்தது. குடும்பத்துக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று 1949-ல் வேலையில் சேர்ந்தார். இங்கிலாந்தில் ஹார்வெல் என்ற இடத்தில் உள்ள அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை.

துகள்களை வேகமாக ஓடச் செய்யும் பெரிய இயந்திரங்களுக்கு வரைபடமும் கணக்கும் போட்டுக் கொடுத்தார். அதில் அவருக்கு நல்ல பெயர்.

அங்கு மேரி ராஸ் என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணும் வேலை பார்த்தார். அவரும் பவுதிகம் படித்தவர். அதே இயந்திரத் துறையில் கெட்டிக்காரர். இருவரும் விரும்பினார்கள். 1954-ல் திருமணம் நடந்தது. கடைசிவரை மனைவியும் கணவருமாக ஒரே தொழிலில் இருந்தார்கள்.

நடந்துவிட்டது!

1952-ல் ஒரு செய்தி பெல்லைத் தூக்கிவாரிப் போட்டது.

டேவிட் போம் என்ற அமெரிக்க விஞ்ஞானி இரண்டு கட்டுரைகள் எழுதியிருந்தார். குவாண்டம் கணக்கை ஒளிந்திருக்கும் விடைகளோடு சேர்த்து எழுத முடியும் என்று அவர் செய்தே காட்டிவிட்டார்.

நடக்கவே முடியாது என்று வான் நாய்மன் சொன்னது நடந்துவிட்டது. அப்படியானால் அந்த மேதையின் கணக்கில் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும். எங்கே?

பெல்லுக்குத் தூக்கம் வரவில்லை. ஜெர்மன் மொழி தெரிந்த நண்பர் ஒருவரிடம் புத்தகத்தில் உள்ளதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஓட்டை இருக்கும் இடம் அவருக்கு மங்கலாகத் தெரிந்தது.

ஆனால் அதில் இறங்க நேரம் இல்லை. 1953-ல் மேல்படிப்புக்காகப் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கு பேராசிரியர் பயர்ல்ஸ் என்பவர் தலைவர். புதிதாக வந்தவர் ஒரு சொற்பொழிவு செய்ய வேண்டும் என்றார். குவாண்டம் தத்துவத்தின் அடிப்படை பற்றிப் பேசட்டுமா, இயந்திரம் பற்றிப் பேசட்டுமா என்று பெல் கேட்டார். இயந்திரம் பற்றிப் பேசினால் போதும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

பெல் புரிந்துகொண்டார். அடிப்படைக் கேள்வி கேட்பவனை யாரும் விரும்புவதில்லை. வயிற்றுப்பிழைப்புக்கு வேறு வேலை வேண்டும். கேள்வியை மூட்டை கட்டிவைத்தார். தூக்கி எறியவில்லை!

ஞாயிற்றுக்கிழமை வேலை

1960-ல் கணவனும் மனைவியும் சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகருக்குப் போனார்கள். ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து நடத்தும் செர்ன் என்ற ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. இருவருக்கும் அங்கு வேலை கிடைத்தது. கடைசிவரை அதுவே அவர்கள் ஊர் ஆயிற்று.

செர்ன் நிலையம் பெல்லுக்குச் சம்பளம் கொடுத்தது துகள்களைப் பற்றிய கணக்குக்காக. அதைக் குறைவில்லாமல் செய்தார். 1969-ல் ரோமன் ஜாக்கீவ் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, துகள் விஞ்ஞானத்தில் இன்றும் பாடமாக இருக்கிறது.

குவாண்டம் அடிப்படை பற்றிய ஆராய்ச்சியை ஓய்வு நேரத்தில் செய்தார். வார நாட்களில் தான் ஒரு குவாண்டம் என்ஜினீயர் என்றும், கொள்கை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் என்றும் தன்னைத் தானே கேலி செய்துகொள்வார்.

1963-ன் கடைசியில் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு இருவரும் அமெரிக்கா சென்றார்கள். அலுவலகத் தொல்லை இல்லை. 10 ஆண்டுக்கு மேல் கட்டிவைத்திருந்த மூட்டையைப் பெல் அவிழ்த்தார்.

ஓட்டை எங்கே?

முதல் வேலையாக, வான் நாய்மன் கணக்கில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

அது என்ன ஓட்டை? ஓர் உதாரணம் பார்க்கலாம். ஓர் ஊரில் குடும்பம் ஒன்றுக்குச் சராசரி நாலரைப் பேர் என்று கணக்கு எடுக்கிறார்கள். அதற்காக வீட்டுக்கு வீடு நாலரைப் பேர் இருப்பார்களா? அரை மனிதன் ஏது? சராசரிக்குப் பொருந்துவது ஒவ்வொரு வீட்டுக்கும் பொருந்த வேண்டியது இல்லை.

வான் நாய்மன் இந்த மாதிரிதான் தவறினார். சராசரிக்குப் பொருந்தும் ஒரு விதியை, ஒவ்வொரு துகளுக்கும் பொருந்தும் என்று வைத்துக் கணக்குப் போட்டுவிட்டார். கிரேட்டெ ஹெர்மன் என்ற ஜெர்மன் பெண்மணி இதை 1935-லேயே கண்டு எழுதியிருந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை.

பெல் எழுதிய கட்டுரைக்கும் சோதனை வந்தது. பத்திரிகை அலுவலகத்தில் அது தவறான கட்டில் போய்ச் சேர்ந்துவிட்டது. 1964-ல் எழுதியது, 1966-ல்தான் அச்சாயிற்று.

இரண்டு சாட்சிகள்

அடுத்தது பெரிய கேள்வி. துகள்கள் விடையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு என்று பெல் கண்டுபிடித்தார். அவர் எழுதியது முழுவதும் கணக்கு. அதன் சாரத்தை ஒரு கோர்ட்டுக் கதையாகச் சொல்லலாம்.

ஒரு வழக்கில் அண்ணன், தம்பி இருவரும் சாட்சிகள். நீதிபதி இருவரையும் தனித்தனி அறையில் அடைத்துவிட்டார். ஒருவரோடு ஒருவர் பேச முடியாது.

கேள்விகள் மூன்று. விளக்கு எரிந்ததா? கதவு திறந்திருந்ததா? நாய் குரைத்ததா? ஒவ்வொருவரிடமும் மூன்றில் ஏதாவது ஒரு கேள்வியைத்தான் கேட்பார்கள். எது என்பது கேட்கும் வரை தெரியாது. ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் சொல்லலாம்.

இப்படி நாள்தோறும் விசாரணை நடக்கிறது. இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்ட நாட்களில் எல்லாம், இருவரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

நீதிபதி என்ன நினைப்பார்? உள்ளே வருவதற்கு முன்பே இருவரும் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைப்பார். ஐன்ஸ்டீன் நினைத்ததும் இதுதான்.

சரி. பேசிவைத்துக்கொண்டுதான் வந்தார்கள். அப்படியானால், இருவரிடமும் வேறு வேறு கேள்வி கேட்ட நாட்களைப் பார்ப்போம்.

மூன்று கேள்விக்கு மூன்று பதில். ஆனால் பதில் இரண்டு வகைதான்: ஆம், இல்லை. எனவே மூன்று பதில்களில் குறைந்தது இரண்டாவது ஒன்றுபோல இருந்தே தீரும். விரலை மடக்கிப் பாருங்கள். வேறு விதமாக அமைக்கவே முடியாது.

மூன்று கேள்விகளில் இரண்டு இரண்டாகச் சேர்த்தால் மூன்று ஜோடி. அவற்றில் ஒரு ஜோடியாவது ஒரே பதில் கொண்டதாக இருக்கும். ஆகவே வேறு வேறு கேள்வி கேட்ட 300 நாட்களில், சுமார் 100 நாட்களாவது இருவர் பதிலும் ஒத்துப்போக வேண்டும். சகோதரர்கள் தினம் ஒரு விதமாகப் பேசிவைத்துக்கொண்டு வந்தாலும், கணக்கு இதற்குக் கீழே போகாது.

ஆனால் குவாண்டம் கணக்கு என்ன சொல்கிறது? 300-க்கு 75 என்கிறது!

100 எங்கே? 75 எங்கே? இங்கேதான் பெல்லின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சோதனை செய்து எண்ணிப் பார்த்தால் போதும். 100-க்குக் குறையாமல் வந்தால் துகள்கள் பேசிவைத்துக்கொண்டு வருகின்றன. 75 வந்தால் அவை பேசிவைத்துக்கொண்டு வரவில்லை. 30 ஆண்டு வாதம் எண்ணிக்கையில் வந்து நின்றது.

ஆறு பக்கம்

இந்தக் கண்டுபிடிப்பை ஆறே பக்கத்தில் எழுதினார். 1964-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி அது பத்திரிகை அலுவலகத்துக்குக் கிடைத்தது.

பெரிய பத்திரிகைகள் சிலவற்றில் கட்டுரை வெளியிடப் பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும். பெல் அமெரிக்காவில் விருந்தாளி. தன்னை அழைத்தவர்களிடம் அந்தப் பணத்தைக் கேட்கக் கூச்சப்பட்டார். எனவே பணம் கேட்காத ஒரு புதிய பத்திரிகைக்கு அனுப்பினார். அந்தப் பத்திரிகை சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று!

கட்டுரையைக் கவனிப்பார் இல்லை. பெல் கவலைப்படவில்லை. ஜெனீவாவுக்குத் திரும்பி உத்தியோகத்தைப் பார்த்தார்.

முதல் கடிதம்

1969-ல் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. ஜான் கிளாசர் என்ற அமெரிக்க இளைஞர் எழுதியிருந்தார். நூலகத்தில் கட்டுரையைப் படித்ததாகவும், சோதனை செய்ய விரும்புவதாகவும் சொல்லியிருந்தார். பெல் மகிழ்ந்தார். செய்யும்படி ஊக்கம் கொடுத்துப் பதில் எழுதினார்.

பெரியவர்கள் பலர் இளைஞரைத் தடுத்தார்கள். இது வீண் வேலை, எதிர்காலம் கெட்டுவிடும் என்றார்கள். அவர் கேட்கவில்லை. ஸ்டூவர்ட் பிரீட்மன் என்ற மாணவரோடு சேர்ந்து, 1972-ல் அமெரிக்காவில் பெர்க்லி நகரில் சோதனையை முடித்தார். கால்சியம் அணுவில் இருந்து ஜோடி ஜோடியாக வரும் ஒளித்துகள்களை எண்ணினார்.

தன் சோதனையில் குவாண்டம் தத்துவம் தோற்கும் என்று கிளாசர் எதிர்பார்த்தார். ஆனால் குவாண்டம் தத்துவம்தான் ஜெயித்தது.

இதில் ஒரு சந்தேகம் எஞ்சி நின்றது. கேள்வி என்ன என்பது துகள்களுக்கு முன்கூட்டியே எப்படியோ எட்டியிருந்தால்? கேள்வித்தாள் வெளியாகிவிட்டால் பரீட்சைக்கு மதிப்பு ஏது?

1975-ல் ஆலன் ஆஸ்பே என்ற பிரெஞ்சு இளைஞர் ஜெனீவாவுக்கு வந்து பெல்லைச் சந்தித்தார். துகள்கள் புறப்பட்டுப் பாதி வழியில் இருக்கும்போதே கேள்வியை மாற்றப்போவதாகச் சொன்னார். பெல் கேட்ட முதல் கேள்வி, அவருக்கு நிரந்தர வேலை இருக்கிறதா என்பதுதான். இந்த ஆராய்ச்சியில் இறங்கினால் வேலை கிடைப்பது கஷ்டம் என்பது பெல்லுக்குத் தெரியும். வேலை இருக்கிறது என்று தெரிந்தபிறகுதான் மேலே பேசினார்.

பாரிஸ் நகருக்கு அருகே ஓர்சே என்ற இடத்தில் 1982-ல் அந்தச் சோதனை நடந்து முடிந்தது. இரண்டு அளக்கும் கருவிகளுக்கும் இடையே 12 மீட்டர் தூரம். ஒளி அதைக் கடக்கும் நேரம், ஒரு வினாடியை 10 கோடிப் பங்காக்கினால் அதில் 4 பங்கு. ஒரு பங்கு நேரத்துக்கு ஒரு தடவை கேள்வி மாறியது! அப்போதும் குவாண்டம் கணக்கே வந்தது.

தோற்றது யார்?

வழக்கில் ஐன்ஸ்டீன் கட்சி தோற்றது.

இதில் வருத்தப்பட்டவர் யார் தெரியுமா? பெல்தான். ஐன்ஸ்டீன் தெளிவாகச் சிந்தித்தார், அறிவுக்குப் பொருந்தப் பேசினார் என்பது அவர் கருத்து. மனத்தால் அவர் ஐன்ஸ்டீன் பக்கம். ஆனால் உண்மை அந்தப் பக்கம் இல்லை என்று சோதனை காட்டிவிட்டது. பெல் அதை மறைக்கவில்லை. தலை வணங்கி ஏற்றுக்கொண்டார்.

அதற்காக நீல்ஸ் போர் சொன்னது எல்லாம் விளங்கிவிட்டது என்றும் அவர் ஒப்பவில்லை. துகள்களுக்குள் இருக்கும் இந்த உறவு உண்மைதான். ஆனால் அது எப்படி நடக்கிறது என்பது இன்னும் புரியவில்லை என்று கடைசிவரை சொல்லிவந்தார்.

துகள்கள் ஒன்றுக்கொன்று ஒளியைவிட வேகமாகச் சேதி அனுப்புகின்றனவா என்று வாசகர்கள் கேட்கலாம். இதைக்கொண்டு நாம் யாருக்கும் சேதி அனுப்ப முடியாது. ஒரு பக்கத்துப் பதில்களை மட்டும் பார்த்தால் பூவா தலையா போட்டதுபோல இருக்கும். இரண்டு பக்கத்தையும் பிறகு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் உறவு தெரியும்.

இரு நிறக் காலுறை

பெல்லின் அலுவலகத்தில் ரெயின்ஹோல்ட் பெர்ட்டில்மன் என்ற இளைஞர் வேலை பார்த்தார். அவருக்கு ஒரு பழக்கம். இரண்டு காலிலும் வேறு வேறு நிறக் காலுறை போடுவார். ஒரு காலில் சிவப்பு தெரிந்தால், மற்றதில் சிவப்பு இராது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்.

பெல் இதைக் கவனித்திருந்தார். 1980-ல் ஒரு கட்டுரையில் அந்தக் காலுறைகளையே உதாரணமாக வைத்து எழுதிவிட்டார். காலுறை விஷயத்தில் ஆச்சரியம் இல்லை. காலையில் போட்டது மாலைவரை இருக்கிறது. துகள்கள் அப்படி அல்ல என்பதுதான் ஆச்சரியம் என்று விளக்கினார். விஷயம் தெரியாமல் இருந்த பெர்ட்டில்மன், கட்டுரையைப் பார்த்துத் திகைத்துப்போனார். அவருடைய காலுறை உலகப்புகழ் பெற்றுவிட்டது.

எளிய வாழ்க்கை

பெல் செந்தாடி வைத்திருப்பார். அமைதியாகப் பேசுவார். இளம் வயதிலேயே மாமிசம் சாப்பிடுவதை விட்டுவிட்டார். கடைசிவரை மரக்கறி உணவுதான்.

தன் கட்டுரைகளைத் தொகுத்து 1987-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் முன்னுரையில் மனைவி மேரிக்கு நன்றி சொல்லியிருக்கிறார். கட்டுரைகளைத் திரும்பப் படிக்கும்போது எங்கு பார்த்தாலும் மேரியின் துணையே தெரிகிறது என்பது அவர் எழுதியதன் கருத்து.

பட்டங்கள் தேடி வந்தன. 1988-ல் குவீன்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கவுரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 44 ஆண்டுகளுக்கு முன் எந்த இடத்தில் கருவிகளை எடுத்துக் கொடுத்தாரோ, அதே இடம்!

மறைவு

1990-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஜான் பெல் திடீரென்று இறந்தார். வயது 62.

இறந்தவர்களுக்கு நோபல் பரிசு கொடுப்பதில்லை. அந்தப் பரிசு பெல்லுக்குக் கிடைக்காமலே போயிற்று.

விதை முளைத்தது

அவர் இறந்த மறு ஆண்டு, ஆர்தர் எக்கெர்ட் என்பவர் பெல்லின் கணக்குக்கு ஒரு பயன் கண்டுபிடித்தார். இரட்டைத் துகள்களைக்கொண்டு இருவர் ஓர் இரகசிய எண்ணை உண்டாக்கிக்கொள்ளலாம். நடுவில் யாராவது ஒட்டுப்பார்த்தால் பெல் கணக்கு கெட்டுவிடும். திருடன் வந்தது தெரிந்துவிடும். யாரும் திருட முடியாத பூட்டு இது.

இரட்டைத் துகள்களின் உறவைப் பயன்படுத்தும் குவாண்டம் கம்ப்யூட்டர்களையும் பல நாடுகளில் செய்துவருகிறார்கள்.

சோதனைகளும் நிற்கவில்லை. 2015-ல் ஹாலந்து நாட்டு டெல்ப்ட் நகரில், 1,300 மீட்டர் தூரத்தில் வைத்துச் சந்தேகத்துக்கு இடம் இல்லாமல் சோதித்தார்கள். 2017-ல் சீனா, செயற்கைக் கோளில் இருந்து இரட்டைத் துகள்களை அனுப்பி, 1,200 கிலோமீட்டர் இடைவெளியில் சோதித்தது. எல்லாவற்றிலும் அதே முடிவுதான்.

2022-ம் ஆண்டு பவுதிக நோபல் பரிசு மூன்று பேருக்குக் கிடைத்தது. ஒருவர், முதல் கடிதம் எழுதிய ஜான் கிளாசர். இன்னொருவர், நிரந்தர வேலை இருக்கிறதா என்று பெல் கேட்ட ஆலன் ஆஸ்பே. மூன்றாமவர் ஆஸ்திரியா நாட்டு ஆன்டன் சைலிங்கர். பரிசுக்குச் சொன்ன காரணத்திலேயே பெல்லின் பெயர் இருந்தது.

பெல்பாஸ்ட் நகரமும் தன் பிள்ளையை மறக்கவில்லை. டைட்டானிக் கப்பல் கட்டிய பகுதியில் ஒரு தெருவுக்கு 2015-ல் பெயர் வைத்தார்கள். மனிதர் பெயரைத் தெருவுக்கு வைப்பது அந்த நகரசபையின் வழக்கம் இல்லை. எனவே அவர் கண்டுபிடிப்பின் பெயரை வைத்தார்கள். பெல் தேற்றம் தெரு என்பது அதன் பொருள்.

பெல்லிடம் பணம் இல்லை. கேள்வியை ஆதரிக்க ஆள் இல்லை. முழுநேரமும் ஆராயச் சந்தர்ப்பமும் இல்லை. ஓய்வு நேரம் மட்டும் இருந்தது. மாணவனாக இருந்தபோது மனதில் விழுந்த கேள்வியை 15 ஆண்டு காத்துவைத்து விடை கண்டார். விடை தன் விருப்பத்துக்கு மாறாக வந்தபோதும் அதை ஏற்றுக்கொண்டார்.

வகுப்பில் கேள்வி கேட்கும் பிள்ளையை உட்கார் என்று சொல்வதற்கு முன், பெல்பாஸ்ட் பையனைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்பது நல்லது.